தொகுதிக்குப் போன அப்பா

எங்கள் ஊருக்கு இதுவரை யார் யார் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார்கள் என்று அப்பா வரிசையாகச் சொல்வார். கிஸ்தி கட்டியவர்களுக்கு மட்டும் ஓட்டு இருந்த காலத்தில் ஒரு பெரிய மிராசுதார். பட்டணத்துச் சபையில் அவர் என்ன பேசினார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது, கேட்கவும் முடியாது. சுதந்திரத்துக்குப் பிறகு ஒரு வக்கீல். பிரமாதமாகப் பேசுவார், ஊர்ப் பக்கம் வரமாட்டார். அப்புறம் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் ஒருவர். தொகுதி முழுக்க சைக்கிளிலேயே சுற்றியவர். நடவு நடக்கும் வயலில் வரப்பு மேல் நின்றே மனு வாங்குவாராம். "அவரு மாதிரி ஒருத்தர் இனிமே வரமாட்டார்" என்பார் அப்பா. இன்னும் சிலரைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். அடுத்ததாகத் தன்னைச் சொல்லிக்கொள்ள அவருக்கு எவ்வளவு ஆசை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நான் ஏழாவது படிக்கும்போது அந்த ஆசை நிறைவேறியது. சந்தைக்கு எதிரே உரக்கடை வைத்திருந்த அப்பா, எம்.எல்.ஏ. ஆனார். மறுநாளிலிருந்து வீடு எங்களுடையதாக இல்லை. விடிவதற்குள் வாசலில் ஆட்கள் வந்துவிடுவார்கள். மருமகளுக்கு மாற்றல் வேண்டும், பட்டாவில் பெயர் தப்பாக இருக்கிறது, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. அம்மா பெரிய குண்டானில் காபி போட்டுக்கொண்டே இருப்பாள். நான் சீருடையோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பள்ளிக்குப் போவேன். யாரோ ஒருவர், "வழி விடுங்கப்பா, ஐயா வீட்டுப் பொண்ணு" என்பார். அப்பா நிமிர்ந்துகூடப் பார்த்திருக்கமாட்டார்.

பத்தாவதில் எனக்குக் கட்டுரைப் போட்டியில் முதல் பரிசு. ஆண்டு விழாவுக்கு அப்பாதான் சிறப்பு விருந்தினர். அன்று காலையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மேடையில் என்னைப் பார்த்ததும் என்ன சொல்வார், தோளில் கை வைப்பாரா, பக்கத்தில் இருப்பவரிடம் 'என் பொண்ணு' என்பாரா என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயரைக் கூப்பிட்டார்கள். போனேன். அப்பா கோப்பையைக் கொடுத்தார். புகைப்படக்காரர் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நல்லாப் படிக்கணும்மா" என்றார். எனக்கு முன்னால் போன பெண்ணிடமும் அதையேதான் சொன்னார், பின்னால் வந்த பையனிடமும் அதையேதான் சொன்னார்.

அடுத்த தேர்தலில் அப்பா தோற்றார். முடிவு வந்த மறுநாளும் வழக்கம்போல் எழுந்து குளித்து, வெள்ளை வேட்டி சட்டையோடு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பால்காரர் வந்து போனார். வெயில் ஏறியது.

"இன்னிக்கு என்ன, ஒருத்தரையும் காணோம்?" என்றார் உள்ளே பார்த்து.

அம்மா பெரிய குண்டானைக் கழுவிக் கவிழ்த்தாள். நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள், இனி அப்பா வீட்டில் இருப்பார் என்று ஒரு சந்தோஷமும் இருந்தது.

வீட்டில் இருந்தார்தான். ஆனால் தெருவில் ஏதாவது வண்டிச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிடுவார். உரக்கடைக்கு மறுபடியும் போனார். மூட்டை வாங்க வருகிறவர்களிடம் வாய்க்கால் தூர் வாரினார்களா, பள்ளிக்கூடத்துக்கு வாத்தியார் வந்தாரா என்று விசாரிப்பார். கடைமடையில் ஒரு கிராமத்துக்கு மதகு கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது நடக்காமலே பதவி போய்விட்டது. அந்த ஊர்க்காரர்கள் கடைக்கு வந்தால் மட்டும் அவரால் நிமிர்ந்து பேச முடியாது.

நான் கல்லூரியில் படிக்கும்போது ஒரு விடுமுறை நாளில், "என்கூட வர்றியா அம்மாடி?" என்று கேட்டார். அவர் என்னை அப்படிக் கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கே என்றுகூடக் கேட்காமல் ஸ்கூட்டரில் ஏறினேன். வண்டி புது எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் போய் நின்றது. அப்பாவைத் தோற்கடித்தவர். அங்கே கூட்டம் நின்றது. அப்பாவும் அதன் கடைசியில் போய் நின்றுகொண்டார்.

"நேரா உள்ள போங்கப்பா. உங்களை யாரு நிறுத்தப் போறாங்க?" என்றேன்.

"இவங்கள்லாம் எனக்கு முன்னாடி வந்தவங்க" என்றார்.

எப்படியோ தகவல் போய், எம்.எல்.ஏ.வே வெளியே ஓடி வந்தார். அப்பாவைவிட வயதில் மிகச் சிறியவர். "அண்ணே, என்னண்ணே இது? நீங்க போயி வெயில்ல நிக்கிறீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே!"

"ஒரு மதகு விஷயம் தம்பி. என்னால முடியல. நீ பண்ணிக் குடு."

அவர் அப்பாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய் உட்கார வைத்து, கட்டித் தருவதாகச் சொன்னார். சொன்னபடி அடுத்த கோடையிலேயே வேலையும் முடிந்தது. திறப்பு விழாவுக்கு யாரும் எங்களை அழைக்கவில்லை. ஆனாலும் அப்பா போகவேண்டும் என்றார். நானும் போனேன். ஜனங்களோடு கரையில் நின்றோம். மதகின் பலகை உயர்ந்ததும் செம்மண் நிறத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியது. எல்லோரும் எம்.எல்.ஏ.வுக்கு மாலை போட்டார்கள். அப்பா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த யாருக்கும் அவரைக் கவனிக்க நேரமில்லை. அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

திரும்பும்போது ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரங்கட்டினார். ஏதோ கோளாறு என்று நினைத்து இறங்கினேன்.

"நீ இப்ப எந்த வருஷம் படிக்கிறே?" என்று கேட்டார்.

"ரெண்டாவது வருஷம்ப்பா."

"என்ன பாடம்?"

"தாவரவியல்."

"அதுல என்ன சொல்லித் தர்றாங்க?"

ஒரு தொகுதி முழுக்கத் தெரிந்த மனிதருக்கு இது தெரியவில்லை. கரையில் முளைத்திருந்த ஒரு செடியைப் பிடுங்கி, இலையில் நரம்பு எப்படி ஓடுகிறது, தண்ணீர் வேரிலிருந்து எப்படி மேலே ஏறுகிறது என்று சொன்னேன். மனு கொடுக்க வந்தவர்களின் பேச்சைக் கேட்பதுபோலவே, தலையைச் சற்றுச் சாய்த்துக்கொண்டு, குறுக்கே பேசாமல் கேட்டார். சின்ன வயதிலிருந்து அந்தச் சாய்ந்த தலையை எத்தனையோ பேருக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன்.

சில வருஷங்களில் அப்பா போய்விட்டார். இப்போது நான் சென்னையில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறேன். சில நாள் வகுப்பில் கடைசி வரிசையில் யாராவது தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு மட்டும் பாடம் கொஞ்சம் நீண்டுவிடுகிறது.