அக்கா சொன்னதும் நான் எழுதியதும்

என் அக்காவுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. முப்பது வருஷமாக, ஒரு நாளைக்கு அறுபது பேரிடம், "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று மட்டும் சொல்லிச் சம்பளம் வாங்குகிறாள். மிச்சமிருக்கும் வார்த்தைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து என் தலையில் கொட்டுவாள். வீடு என்றால் என் வீடு. அத்தான் போன பிறகு, தனியாக எதற்குக் கஷ்டப்படுகிறாய் என்று நச்சரித்து, அவளுடைய வீட்டை விற்க வைத்துக் கூட்டிவந்தது நான்தான். பின்னறையைக் காலி செய்து கொடுத்தோம். பாதி காலி என்று சொல்ல வேண்டும். இஸ்திரி மேசையும் என் மனைவியின் பெட்டிகளும் ஒரு வருஷமாகியும் அங்கேயேதான் இருக்கின்றன.

அஞ்சலட்டைப் பைத்தியத்தை அவளுக்குப் பிடிக்கவைத்தது ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் ஒரு நர்ஸ். இணையத்தில் ஒரு தளம் இருக்கிறதாம். பெயரைப் பதிந்தால், உலகத்தில் எங்கேயோ இருக்கும் யாரோ ஒருத்தருடைய முகவரியைத் தரும். அவருக்கு ஓர் அட்டை போட வேண்டும். அது போய்ச் சேர்ந்ததும், முற்றிலும் வேறு யாரோ நமக்கு ஓர் அட்டை போடுவார்.

"போட்டவன் ஒருத்தன், பதில் போடுறவன் இன்னொருத்தன். இதுல என்னக்கா லாபம்?" என்று கேட்டேன்.

"ஒருத்தனும் சொந்தக்காரன் இல்ல பாரு, அதான் லாபம்" என்றாள்.

அட்டைகள் ஆஸ்பத்திரி முகவரிக்கு வர ஆரம்பித்தன. ஒருத்தி, தன் வீட்டு நாய் ஃபிரிட்ஜைத் திறக்கப் பழகிவிட்டதைப் பற்றி மூச்சுவிடாமல் எழுதியிருந்தாள். ஒரு பல் டாக்டர், தனக்குப் பல் டாக்டர் என்றாலே நடுக்கம் என்று ஒப்புக்கொண்டிருந்தார். அக்கா அதை என்னிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். வந்த அட்டைகளையெல்லாம், எக்ஸ்ரே படம் பார்க்கும் விளக்குப் பெட்டியில் செருகிவைத்தாள். ஒரு பெரியவர் அங்கே மாட்டியிருந்த கலங்கரை விளக்கப் படம் போட்ட அட்டையைத் தன் நெஞ்சுக்கூடு என்று நினைத்து ஆடிப்போய்விட்டார்.

அவளுக்கு ஆங்கிலம் வராது. முதலில் மொழிபெயர்க்க ஃபோனை நம்பினாள். "உடம்பைப் பாத்துக்கங்க" என்று அன்பாகச் சொன்னதை ஃபோன் "உங்கள் உடலை உற்று நோக்குங்கள்" என்று மாற்றிக் கொடுக்க, இவள் அப்படியே பார்த்து எழுதி ஓய்வுபெற்ற ஒரு ஹெட்மாஸ்டருக்கு அனுப்பிவிட்டாள். நர்ஸ் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. அன்றிலிருந்து எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் கடிதம் எழுதுகிறவன். "சரக்கு வராது, தலைகீழா நின்னாலும் வராதுன்னு அந்தக் களவாணிப் பயலுக்கு எழுது" என்பார் முதலாளி. "தங்கள் பொறுமைக்கு நன்றி" என்று எழுதுவேன். இருபது வருஷமாகக் கை அப்படியே பழகிவிட்டது. மாமியார் மூன்று மாதம் தங்க வருகிறாள் என்று ஒருத்தி எழுதினால், "பேசாம நீ போய் ஆஸ்பத்திரில படுத்துக்கோன்னு எழுதுடா" என்பாள் அக்கா. "இனிமையான நாட்கள் அமையட்டும்" என்று எழுதுவேன். யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

அப்புறம் அந்த பஸ் டிரைவர் வந்தார். ஏதோ ஒரு குளிர்தேசம், ஓய்வுபெற்றவர், மனைவி இல்லை. தளத்தின் விதியைத் தூக்கிப் போட்டுவிட்டு அக்காவுக்கே திரும்பத் திரும்ப எழுதினார். நான்காவது அட்டையில் ஒரு கேள்வி கேட்டார். "மகன் கூப்பிடுகிறான். வீட்டை விற்றுவிட்டுப் போகட்டுமா? நீங்கள் மனிதர்களை உள்ளே பார்க்கிறவர். நீங்கள் சொல்வதைச் செய்கிறேன்."

அக்கா யோசிக்கவே இல்லை.

"போகாதேன்னு எழுது. மகன் நல்லவன்தான், மருமகளும் நல்லவதான். ஆனா அங்க போனா, குளிக்கணும்னாகூட எல்லாரும் குளிச்சாச்சான்னு பாத்துட்டுக் குளிப்ப. டிவி சத்தத்தை நீயாவே குறைப்ப. அவங்க சாப்பிடுற நேரத்துலதான் உனக்குப் பசிக்கணும்னு எழுது."

எனக்குச் சுருக்கென்றது. அவள் குளிப்பது எங்கள் எல்லோருக்கும் பிறகுதான். பொத்துக்கொண்டு கோபம் வந்தது. இவளுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்? அதை அவளிடம் கேட்கத் துப்பில்லாமல், "குடும்பத்தோடு இருப்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி வேறில்லை. தயங்காமல் போங்கள்" என்று எழுதினேன். கீழே அக்கா தமிழில் கையெழுத்துப் போட்டாள். நானே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை மதியம், அக்கா டியூட்டி கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து என் முன்னால் ஓர் அட்டையை வைத்தாள். நர்ஸ் அதை முழுதும் படித்துச் சொல்லியிருந்தாள்.

"உங்கள் பேச்சைக் கேட்டு வீட்டை விற்றுவிட்டேன். மகன் வீட்டில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்து அறை எனக்கு. எல்லோரும் அன்பாக இருக்கிறார்கள். சத்தமில்லாமல் நடக்கப் பழகிக்கொண்டேன்."

"நான் போகச் சொன்னேனாடா?"

"அக்கா, அது வந்து..."

"ஒரு மனுஷன் என்னை நம்பி வீட்டை வித்துட்டான்டா! வாழ்க்கையில முதல் தடவையா ஒருத்தர் என்கிட்ட யோசனை கேட்டார். அதையும் நீயே சொல்லிட்ட."

"நீ எங்களைக் குத்திக் காட்டுறேன்னு நெனச்சேன்க்கா."

"ஆமா, உங்களையும் சேத்துத்தான் சொன்னேன்."

வெட்கமாக இருந்தது. இந்தக் கை எழுதிய எந்தக் கடிதத்துக்காகவும் நான் அப்படி வெட்கப்பட்டதில்லை.

புது அட்டை ஒன்றை எடுத்து என் முன்னால் போட்டாள். "எழுது. நான் சொல்றதை மட்டும் எழுது. போட்டோ புடிச்சு நர்ஸுக்கு அனுப்புவேன். ஒரு வார்த்தை மாறிச்சு, தொலைச்சுடுவேன்."

பேனாவை எடுத்தேன். அவள் வரிவரியாகச் சொன்னாள்.

"போன அட்டையில இருந்தது நான் சொன்னது இல்ல. என் தம்பி சொன்னது. அவன் கெட்டவன் இல்ல, பயந்தாங்கொள்ளி. எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"வீடு போனா போகட்டும். உங்க ஊர்ல ஒரு ரூம் வாடகைக்குப் பாருங்க. நானும் ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு ரூம் பாத்துட்டேன். ஒண்ணாந்தேதி போறேன். என் தம்பிக்கு இது தெரியாது. இப்ப இதை எழுதும்போதுதான் அவனுக்குத் தெரியுது."

பேனா நின்றுவிட்டது. "அக்கா..."

"எழுதுடா."

எழுதினேன். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. "கோவமாக்கா எங்க மேல?" என்று கேட்டேன்.

"உன் வீட்டுல நான் எங்கடா கோவப்பட்டேன்? ஒரு வருஷமா கதவைக்கூடப் பொத்திப் பொத்திச் சாத்துறேன். எனக்குக் கோவம் வந்தா, படார்னு அறைஞ்சு சாத்துறதுக்கு ஒரு கதவு வேணும்டா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதையும் எழுதணுமா?" என்று கேட்டேன்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். "ஓரத்துல இடம் இருக்கு. எழுது."