கார் வேகாத கொட்டகை

மோட்டார் கொட்டகை கட்டுகிற தொழிலில் முதலில் வேகிறது மோட்டார் அல்ல, கட்டுகிறவன்தான். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் ஒரு நாழிகை நின்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களெல்லாம் என் இனம், பக்கத்தில் வாருங்கள். மற்றவர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

யுத்தத்துக்கு முன்னாடி, சேலம் ஜில்லாவில் வசதியான வீடுகளில் ஒவ்வொன்றாகக் கார் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். கார் வந்ததும் அதற்கு ஒரு வீடு வேண்டும். ஓலைக்குக் கீழே காரை விடுவது காருக்கே அவமானம் என்று நினைத்தார்கள். அதனால் நாலு பக்கமும் தகரம், மேலேயும் தகரம். மத்தியானத்தில் உள்ளே நிலக்கடலை வறுக்கலாம். பெட்ரோல் ஆவியாகப் போகும், டியூப்பில் போட்ட ஒட்டு இளகி வாயைப் பிளக்கும், சீட்டில் உட்கார்ந்தவர் உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்துவிடுவார். அந்தச் சூட்டைத் தணித்துக் கொடுக்கிறேன் என்று கிளம்பினவன்தான் இந்தச் சின்னப்பன்.

அதுவரைக்கும் சேலம் டவுனில் என் மாமனார் சவரிமுத்துவின் ஓட்டுக் கிடங்கில், ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வண்டி வண்டியாக ஓடு ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்தேன். மாமனார் நல்ல மனிதர். கோவிலுக்கும் கோட்டு, கிடங்குக்கும் கோட்டு. ஆனால் நான் தும்மினால்கூட "ஓட்டைப் பாத்துத் தும்மு" என்பார். என் மனைவி லூர்துதான் அவரோடு மல்லுக்கட்டி எனக்கு ஒரு கோடையை வாங்கித் தந்தாள். ஒரே ஒரு கோடை. சித்திரை முடிவதற்குள் நான் கட்டின ஒரு கொட்டகையாவது குளிர்ந்திருக்க வேண்டும், அதை அவர் நேரில் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் அந்த ஸ்டூல்தான். கூரை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

மேய்ந்து போன கூரை

முதல் ஆர்டர் மல்லசமுத்திரத்துப் பக்கம், முத்துசாமிக் கவுண்டர் தோட்டத்தில். பெரிய பண்ணையம். புதுக் காரைத் தகரக் கொட்டகையில் நிறுத்தி, வாரத்துக்கு ஒரு டியூப்பைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தார். நான் சுற்றிலும் பார்த்தேன். களத்து மேட்டில் சோளத்தட்டுப் போர் மலையாக நின்றது. உள்ளே பொக்கு, வெளியே பளபளப்பு, இதைவிடச் சூட்டைத் தடுக்கிற பொருள் உலகத்திலேயே கிடையாது என்று எனக்குத் தோன்றியது. கட்டுக் கட்டாக ஏற்றித் தகரத்தின் மேல் முழங்கை உயரத்துக்கு அடுக்கி, கயிறு போட்டு இறுக்கினேன். மறுநாள் மத்தியானம் உள்ளே போன கவுண்டர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளவே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே சேலத்துக்கு வந்து, மாமனாரைக் கூட்டிப்போக நாள் பார்க்கச் சொல்லி லூர்துவை விரட்டினேன்.

பங்குனியில் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கொட்டகை மேல் ஏணி சாத்தியிருந்தது. பண்ணையாள் ஒருவர் என் கூரையை உருவி உருவிக் கீழே போட, கவுண்டரின் காளைகள் வரிசையாக நின்று மென்றுகொண்டிருந்தன. பாதிக் கூரை ஏற்கெனவே சாணமாகிப் போயிருந்தது. களத்துப் போர் தீர்ந்துவிட்டதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் வாய் குழறியது. கவுண்டர் என்னை உட்காரவைத்து, மோர் கொடுத்து, நிதானமாகச் சொன்னார்: "கோவிச்சுக்காதீங்க மேஸ்திரி. காரு வெயில்ல நின்னாலும் நாளைக்கு நிக்குமுங்க. மாடு பட்டினி கெடந்தா நாளைக்கு நிக்காதுங்களே. மாடு திங்காததா ஒண்ணைப் பாத்துப் போட்டுக் குடுங்க."

தகரம் தெரிய வேண்டும்

மாடு தின்னாதது எதுவென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து ஆள் வந்தது. மலைப்பாதை அடிவாரத்தில் வீடு கட்டியிருந்த ஒரு மர வியாபாரி. அவருக்கு மாடு கிடையாது. நான் சந்தோஷமாகத் தகரத்தின் மேல் பனையோலையை இரட்டையாக வேய்ந்து, விளிம்பை மடித்துக் கட்டிக் கொடுத்தேன். உள்ளே குகை மாதிரி இருந்தது. ரெண்டே நாளில் ஓலையைப் பிரித்துப் போடச் சொல்லிவிட்டார். அனல் குறையவில்லையா என்று பதறிக் கேட்டேன். "நல்லாத்தான் குறைஞ்சிருக்கு. ஆனா மலைக்குப் போற வர்றவன் எல்லாம் இது ஆட்டுக்கொட்டாயின்னு நெனைச்சுக்கிட்டுப் போறான். தகரம் மின்னலேன்னா உள்ளே கார் இருக்கறது ஊருக்கு எப்படிய்யா தெரியும்?"

உள்ளே பாவு, வெளியே கார்

அடுத்தது பள்ளிபாளையம், காவிரிக் கரை. மாரிமுத்து முதலியார் என்று ஒரு ஜவுளிக்காரர். வீட்டைச் சுற்றி அவருக்குத் தறிகள். எப்பேர்ப்பட்ட இடம் தெரியுமா? பக்கத்திலேயே ஆறு, தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. இந்த முறை கூரையை விட்டுவிட்டுக் கதவையும் ஜன்னலையும் பிடித்தேன். வெட்டிவேர்த் தட்டி பின்னி எல்லாத் திறப்பிலும் தொங்கவிட்டு, மேலே ஓட்டை போட்ட மூங்கிலை வைத்து, அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும்படி செய்தேன். ஆற்றுக்காற்று தட்டி வழியாக நுழைந்ததும் கமகமவென்று ஒரு குளிர்ச்சி. முதலியார் கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். என்னைத் தட்டிக்கொடுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இந்தத் தடவை ஏமாறக் கூடாது என்று மாமனாரைக் கையோடு கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் புளியமரத்தடியில், காக்கை எச்சத்தோடு, வெயிலும் நிழலுமாகக் கார் நின்றுகொண்டிருந்தது. கொட்டகைக்குள்ளே தடக் தடக் என்று சத்தம். எட்டிப் பார்த்தால் ரெண்டு தறி ஓடுகிறது. காய்ந்த காற்றில் நூல் பட் பட்டென்று அறுந்துபோகும், ஈரக் காற்றில் அறுபடாமல் ஓடும் என்பது நெசவுக்காரர்களுக்குப் பிறந்த அன்றைக்கே தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. மாமனார் காரைப் பார்த்தார், தறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் முதலியாரைப் பிடித்துக்கொண்டு, "கார் என்னங்க பாவம் பண்ணுச்சு?" என்றேன். அவர் துளிகூடக் கூச்சப்படவில்லை. "காருக்கு நூலா அறுந்துபோகுது? தட்டி கட்டுன நாளா ஒரு பாவு நூலுகூட அறுபடலீங்க. நீங்க மகராசனா இருக்கோணும்."

ஒரு வேளையாவது பொங்கோணும்

சேலம் வந்து இறங்கியதும் மாமனார் கிடங்குக்குப் போய் என் ஸ்டூலைத் தூசி தட்டி வைத்தார். லூர்து மட்டும் ராத்திரி சோறு போடும்போது, "இன்னும் சித்திரை பாக்கி இருக்குல்ல?" என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும். விடிந்ததும் மல்லசமுத்திரத்துக்கு ஓடினேன். மாடு தின்னாதது, நெசவுக்காரர் ஆசைப்படாதது, தகரத்தை மறைத்தாலும் கௌரவம் கெடாதது. யோசித்து யோசித்துக் கண்டுபிடித்திருந்தேன்: மண்பானை. தகரத்துக்கு அடியில் பனங்கைச் சட்டங்களை நெருக்கமாகக் கொடுத்துத் தாங்கவைத்து, மேலே பானைகளை வரிசையாகக் கவிழ்த்து, அதற்கு மேல் சுண்ணாம்புக் காரை போட்டு வெள்ளை வெளேரென்று மெழுகிவிட வேண்டியது. பானைக்குள்ளே அடைபட்ட காற்று சூட்டை இறங்கவிடாது. கவுண்டர் சரியென்றார். குயவர் வண்டியில் புதுப்பானைகள் வந்து இறங்கின.

அப்போதுதான் கவுண்டரின் சம்சாரம் பாவாயம்மா வெளியே வந்தார். பானைகளைக் கவிழ்த்து அடுக்கத் தொடங்கின என் கையை அந்தப் பார்வையே நிறுத்திவிட்டது. "பொங்காத புதுப்பானையக் கவுத்தி வெக்கறது எழவு ஊட்டுலதானுங்க. என்ற ஊட்டு வாசல்ல அது ஆவாது." கவுண்டர் மாட்டைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். எனக்கு ஸ்டூல் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. "சரிங்க அம்மிணி, அப்ப என்ன பண்றதுங்க?" என்று கெஞ்சினேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்தார். "ஒவ்வொண்ணுலயும் ஒரு வேளையாவது பொங்கோணும். அப்புறம் அது பொழங்குன பானை. கவுத்துனா ஒண்ணுமில்ல."

நான் மலைத்து நின்றேன், அவர் மலைக்கவில்லை. தோட்டத்து வளவு வீடுகள், பக்கத்து ஊர், வந்திருந்த ஒறம்பரைச் சொந்தங்கள் என்று வீட்டுக்கு ஒரு பானை, சில வீட்டுக்கு ரெண்டு என்று கொடுத்தனுப்பிவிட்டார். அன்றைக்கு மல்லசமுத்திரத்துப் பக்கம் அடுப்பு எரியாத வீடு கிடையாது. கம்பு, ராகி, பருப்பு, கொள்ளு என்று எங்கே திரும்பினாலும் கொதிக்கிற சத்தம். எனக்கோ திருவிழாவில் நிற்கிற மாதிரி இருந்தது, வீட்டுக்கு வீடு போய்க் கை நனைத்தே வயிறு உப்பிவிட்டது. பொழுதோடு கரி பிடித்த பானைகளெல்லாம் தலைச்சுமையாகத் திரும்பி வந்தன. நான் ஏணியில் நின்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்துச் சுண்ணாம்புக் காரை போட்டு முடித்த பிறகு, ஒரு பெண்பிள்ளை கீழேயிருந்து கூப்பிட்டுக் கேட்டது: "ஏனுங்க மேஸ்திரி, எங்க ஊட்டுப் பானை எந்தப் பக்கமுங்க இருக்குது? பருப்பு அடிப்புடிச்சுப்போச்சு, தேய்க்காமயே குடுத்துட்டனுங்க."

மெழுகுவர்த்திப் பரீட்சை

சித்திரைக் கடைசி. சுண்ணாம்புக் காரை காய்ந்து கூரை இறுகிவிட்டது. மாமனாரை மறுபடியும் கூப்பிட எனக்குத் தைரியம் இல்லை, லூர்துதான் கூட்டி வந்தாள். அவர் கோட்டுப் பையிலிருந்து ரெண்டு மெழுகுவர்த்தியை எடுத்தார். "உள்ளே போயி ஆகா ஓகோன்னு யாரு வேணும்னாலும் சொல்லலாம். மெழுகு பொய் சொல்லாது. எங்க கிடங்குலயும் மேலே தகரந்தான், மத்தியானம் மெழுகுவர்த்தி வளைஞ்சிரும்" என்றார். ஒன்றைக் கவுண்டரின் கிணற்று எஞ்சின் ரூமில், தகரத்துக்கு அடியில் நட்டார். இன்னொன்றைக் கொட்டகையில், காரின் மட்கார்டு மேல் நட்டார். நான் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவேன் என்று, தானும் காரில் ஏறி உட்கார்ந்து கொட்டகைக் கதவைச் சாத்தச் சொன்னார். கோட்டைக் கழற்றுங்கள் என்று லூர்து சொன்னதைக் கேட்கவில்லை.

உச்சி வெயில். தோட்டமே வெளியே கூடிவிட்டது. பானை கொடுத்த வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இது சொந்த விவகாரம். எஞ்சின் ரூமுக்குள் எட்டிப் பார்த்த கவுண்டர், மெழுகுவர்த்தி தலைகுனிந்து தரையைத் தொடுகிறது என்று உரக்கச் சொன்னார். கொட்டகைக்குள்ளே சத்தமே இல்லை. மனுஷனுக்கு மயக்கம் போட்டுவிட்டதோ என்று பயந்து, லூர்துவும் நானும் ஆளுக்கொரு கதவைப் பிடித்துத் திறந்தோம். மட்கார்டு மேல் மெழுகுவர்த்தி நட்டபடியே நேராக நின்றது. பின்சீட்டில் மாமனார், கோட்டில் ஒரு பொத்தான்கூடக் கழற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "கதவைச் சாத்துங்க. அனல் உள்ளே வருது."

கூட்டம் வாய்விட்டுச் சிரித்தது. லூர்து சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நான் உள்ளே நுழைந்து கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டுக் காரில் ஏறினேன். மாமனார் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மெழுகுவர்த்தியைப் பார்த்தபடியே, வெளியே யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "கிடங்குத் தகரத்து மேலயும் பானை கவுத்துக் கொடுத்துருங்க மாப்பிள்ளை. ஆனா தெருவுல போறவன் கண்ணுல படக் கூடாது. ஓடு வாங்க வர்றவன் பானை கேப்பான்."

தகரத்தின் சூட்டைத் தணிக்க நாலு வழி கற்றுக்கொண்டேன் என்றாலும், மாமனாரின் சூட்டைத் தணிக்க அவரையே உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்துவதைத் தவிர வேறு வழி எனக்கு இன்றுவரை தெரியாது.