பெண்கள் பிரிவில் எனக்கு முதலிடம்

போன திங்கட்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் புதுத் தவணைக்குத் திறந்தது. அன்று காலை, மாகாண மட்டத்தில், பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவில், ஈட்டி எறிதலில் எனக்கு முதலிடம் கிடைத்தது.

சிரிக்காதீர்கள். பேனரில் அப்படித்தான் இருந்தது.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. மீசை இருக்கிறது. வாவியில், ஊர்ப்பேச்சில் ஆற்றில், பாதை ஓட்டுகிறேன். இரண்டு தோணிகளைச் சேர்த்து, மேலே பலகை போட்டு, மோட்டார் பூட்டி, ஆட்களையும் சைக்கிள்களையும் அக்கரைக்கு ஏற்றி இறக்குகிற வேலை. இந்தப் பத்தியை வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். ஈட்டியை மட்டும் கையால் தொட்டதில்லை. அன்றுவரை...

உண்மையில் முதலிடம் எடுத்தவள் துஷாலினி. அருளானந்தத்தின் மகள். அருள் என் கூட்டாளி, வாவிக்கு எங்கள் பக்கமான படுவான்கரையில் வேளாண்மை செய்கிறவன். நெல் அறுத்து முடிந்த வட்டையில்தான் அந்தப் பிள்ளை எறிந்து பழகியது. வெறுங்காலில் அறுத்த தாள்கட்டை குத்தும். அவள் அதைப் பற்றிச் சொன்னதில்லை. எதைப் பற்றியுமே சொல்லமாட்டாள். அவளுக்குப் பக்கத்தில் நிற்கும்போது நானே வாயாடி மாதிரி இருப்பேன். பார்த்துக்கொள்ளுங்கள்.

பழக்கியவர் றிஸ்வான் சேர். ஏறாவூர்க்காரர். நாளும் என் பாதையில்தான் வருவார். படிப்பிப்பது கணக்குப் பாடம். விளையாட்டுக்கு ஆள் இல்லை என்பதால் அதையும் தலையில் போட்டுக்கொண்டார்.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாகாணத்தில் ஒரு முதலிடம் வந்தது இதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. வென்று வந்த பிள்ளையைத் துறையடியில் வைத்து மாலை போட்டு, பாண்ட் அடித்து, பேனர் பிடித்து, பள்ளிக்கூடம் வரை கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிள்ளை வந்து ஒரு மாதமாகி வீட்டில் சோறு தின்றுகொண்டு இருந்தாலும் சரி... அக்கரைக்கு ஏற்றிக்கொண்டு போய், திருப்பி ஏற்றிக்கொண்டு வர வேண்டும். துஷாவின் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதற்காக? பாதையில் வந்து இறங்கினால்தான் வந்தது.

இவ்வளவும் சந்தோஷம். இனித்தான் சிக்கல்.

அக்கரையில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் அருளுக்குக் கடிதம் போட்டிருந்தது. பிள்ளையைத் தாருங்கள், பயிற்சியாளர் இருக்கிறார், மைதானம் இருக்கிறது என்று. தவணை தொடங்குகிற அன்றைக்கே முடிவு சொல்ல வேண்டும்.

எங்கள் அதிபர் ரீச்சருக்கு அதைக் கேட்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. சின்னப் பள்ளிக்கூடம். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒவ்வொன்றாக ஆறு தாண்டிப் போகின்றன. ஏற்றிக்கொண்டு போய் விடுகிறவன் நான்தான், எனக்குத் தெரியாதா? இந்த ஒருத்தியாவது நிற்கட்டும் என்று ரீச்சர் ஆசைப்பட்டார்.

அருளுக்கு இரண்டு மனம். "போறதும் நல்லதுதான் மச்சான். நிக்கிறதும் நல்லதுதான்" என்றான். பிள்ளையிடம் கேட்டால்? "ம்" என்றாள். எதற்கு ம்? அது ஒருவருக்கும் தெரியாது.

"இப்படி ஒரு வரவேற்புக் குடுத்தா எந்தப் புள்ள எங்கள விட்டுட்டுப் போகும்?" என்றார் அதிபர் ரீச்சர். பெரிய பேனர் ஒன்று அடிக்க முடிவானது. துறையடி முழுக்க மறைக்கிற அளவு.

பள்ளிக்கூடத்தில் சிக்னல் இல்லை. எங்கள் ஊரில் சிக்னல் நன்றாக வருகிற இடம் ஒன்றுதான். நடு ஆறு. றிஸ்வான் சேர் துஷாவின் படத்தை என் போனில் ஏற்றித் தந்தார்.

"அண்ணன், நடு ஆத்துக்குப் போனதும் இத பேனர் கடைக்கி அனுப்பிருங்க. பாஸ்போர்ட் சைஸ் படம். மாறிராம."

"மாறுமா சேர்?" என்றேன்.

மாறியது. அதற்கு முதல் நாள்தான் பாதை லைசன்ஸ் புதுப்பிக்க நானும் ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்திருந்தேன். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டுக்கும் பின்னால் நீலம். தண்ணீரில் பட்ட வெயில் போனில் அடிக்கிறது. ஒரு கையில் மோட்டார். கண்ணாடி வீட்டில். அமத்தினேன். போய்விட்டது.

பின்னேர ஓட்டத்தில் நடு ஆற்றுக்குப் போனதும் கடைக்காரர் அழைத்தார். "அண்ணன், இந்தப் படம்தானா?"

"ஓம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"பாக்காம அனுப்புவனா? அடிங்க."

அவரிலும் பிழை இல்லை. கேட்டார்தானே.

சுருட்டி, பேப்பர் சுற்றி, கயிறு கட்டித் தந்த பேனரை நானே கொண்டுவந்து ரீச்சரிடம் கொடுத்தேன். பிள்ளை வந்து இறங்கும்போதுதான் விரிக்க வேண்டும் என்று அவர் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

திங்கட்கிழமை வந்தது. மழை விட்டிருந்தது. துஷா, அருள், றிஸ்வான் சேர் மூவரையும் அக்கரைக்கு ஏற்றிப் போய், இறக்காமலே திருப்பிக்கொண்டு வந்தேன். துஷா கழுத்தில் பதக்கம். முகத்தில் ஒன்றும் இல்லை.

துறையடியில் ஊரே நின்றது. பாதை கரையில் முட்டியதும் துஷாவுக்கு மாலை போட்டார்கள். பாண்ட் தொடங்கியது. இரண்டு ரீச்சர்மார் பேனரை விரித்தார்கள்.

நான். பனங்காய் அளவு முகம் இல்லை, கதவளவு முகம். மீசை மட்டும் ஒரு முழம். கீழே எழுதியிருந்தது: 'பதினாறு வயதுக்குட்பட்ட பெண்கள், ஈட்டி எறிதல், முதலாமிடம். எங்கள் செல்ல மகளே வருக!'

பாண்ட் ஒவ்வொன்றாக நின்றது. முதலில் ட்ரம்பெட். பிறகு சின்ன மேளம். பெரிய மேளம் அடித்தவருக்குப் பேனர் தெரியவில்லை. அவர் மட்டும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே நின்றார்.

"அது நம்மட பாதக்காரர்தானே கா?" என்று ஒரு பெண் பக்கத்தில் நின்றவளைக் கேட்டாள்.

"ஓம் கா. படத்துக்கு வடிவாத்தான் இருக்கார்."

அருள் என்னைத் திரும்பிப் பார்த்தான். "மச்சான், உனக்கு எப்பயிருந்துடா பதினாறு வயசு?"

அதிபர் ரீச்சர் நின்ற நிலையைச் சொல்ல மாட்டேன். பாவம். அவ்வளவு ஆசையாக எடுத்த வரவேற்பு. "ரீச்சர், போட்டோ மாறிட்டு" என்றேன். வேறு என்ன சொல்ல?

அப்போதுதான் துஷா பேனரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் பேனரைப் பார்த்தாள்.

"மாமா... எத்தின மீட்டர் எறிஞ்சீங்க?"

கேட்டுவிட்டுச் சிரித்தாள் பாருங்கள்... பாதைக் கம்பியைப் பிடித்துச் சிரித்து, பிடி விட்டு, பலகையில் குந்தியிருந்து சிரித்தாள். அந்தப் பிள்ளை சிரித்து நான் கண்டதே இல்லை. அவள் சிரிக்க அருள் சிரித்தான். துறையடி சிரித்தது. கடைசியில் ரீச்சரும் சிரித்தார். தனக்குப் போட்ட மாலையைக் கழற்றி துஷா என் கழுத்தில் போட்டாள். "வாங்க மாமா. வெண்ட ஆள் வராம எப்படி?"

வேறு பேனர் இல்லை. அதையே பிடித்துக்கொண்டு போனார்கள். பின்னால் பதக்கத்தோடு அவள். பக்கத்தில் மாலையோடு நான். அன்றைக்குத்தான் முதலாம் வகுப்பில் சேர வந்த ஒரு குஞ்சு, தாயின் சேலையை இழுத்துக் கேட்டது: "அம்மா, இந்த அக்காக்கு என்னத்துக்கு மீச?"

காலைக் கூட்டத்தில் அதிபர் ரீச்சர் பள்ளிக்கூடச் செய்திகளை வாசித்தார். புதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று பேர் சித்தியடைந்திருக்கிறார்கள். ஆங்கிலத்துக்கு ஒரு ரீச்சர் வந்திருக்கிறார், திரும்பிப் போகமாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறார். அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

பிள்ளைகள் விடவில்லை. "பாதக்கார மாமா எறிய வேணும்!"

றிஸ்வான் சேர் எல்லோரையும் விறாந்தையில் ஏற்றிவிட்டு ஈட்டியைக் கையில் தந்தார். "சும்மா எறிங்க அண்ணன். ரெக்கோட் ஒண்டும் வேணாம்."

வீச்சுவலை எறிகிற கை. இது என்ன பெரிய விஷயம்? எறிந்தேன். ஈட்டி என் காலடியில் இருந்து நாலு எட்டுத் தள்ளிப் படுத்தது. குத்தக்கூட இல்லை. படுத்தது.

"இப்ப துஷா!" என்றார்கள்.

இதுவரை ஊரில் அவள் எறிந்ததெல்லாம் வட்டையில். பள்ளிக்கூடத்து மைதானத்தில் எறிந்ததே இல்லை. இப்போது வட்டையில் நெல் வேளாண்மை நிற்கிறது. ஆகவே இங்கே நின்றாள். சப்பாத்தைக் கழற்றினாள். ஓடினாள். எறிந்தாள்.

மைதானம் முடிந்தது. வேலி முடிந்தது. கரைப் புல்லும் முடிந்தது. ஈட்டி முடியவில்லை. வாவிக்குள் போய், சேற்றில் குத்தி, வலைக்கம்பு மாதிரி நின்றது.

பிள்ளைகள் கூரை அதிரக் கத்தின. பெரியவர்கள் நாங்கள் தண்ணீருக்குள் நின்ற ஈட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதிபர் ரீச்சர் கூப்பிட்டார். "அருளானந்தம், ஒபிசுக்கு வாங்க. விடுகைப் பத்திரம் எழுதித் தாறன்."

"ரீச்சர், இன்னும் ஒரு முடிவும் எடுக்கல்லயே..."

"அந்தா, ஆத்துக்குள்ள குத்திக்கொண்டு நிக்கிது முடிவு. இந்த மைதானம் இவவுக்குக் காணாது." பிறகு துஷாவிடம் திரும்பினார். "ஒருத்தரும் உன்ன ஒழுங்காக் கேக்கல்ல. நீ சொல்லு புள்ள. போக விருப்பமா?"

"ஓம் ரீச்சர்" என்றாள். "ஆனா அங்க தங்கமாட்டன். விடியப் பாதயில போய்ப் பின்னேரம் வந்திருவன். வேளாண்ம வெட்டி முடிஞ்சா வட்டையில இந்தச் சின்னாக்களுக்கு எறியப் பழக்குவன். மறுகா அவங்களும் வெல்லட்டும். மாமாக்கும் பழக்க வேணும்."

அவள் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக வந்தது அன்றைக்குத்தான். றிஸ்வான் சேர் அந்தப் பக்கம் திரும்பி நின்று, இல்லாத விசிலைச் சட்டைப் பையில் தேடினார்.

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்தில் மாலையோடு, இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஈட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன் நான்தான். அதற்கும் கைதட்டினார்கள்.

இப்போது பாதையின் முதல் ஓட்டத்தை அரை மணி நேரம் முந்தி வைத்திருக்கிறேன். துஷா வந்து ஏறுவாள். பேசமாட்டாள். ஆனால் மேலே பார்த்துவிட்டுச் சிரிப்பாள். பேனரைத்தான் பாதைக்குக் கூரையாகக் கட்டியிருக்கிறேன். மழைக்கும் வெயிலுக்கும் நல்லது. புது ஆட்கள் ஏறினால் ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார்கள், ஒருமுறை என்னைப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் சொல்வதில்லை.

உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். வேலி தாண்டி எறிகிற பிள்ளைக்காக வேலியை நகர்த்தப் பாருங்கள், முடியாவிட்டால் வழியை விடுங்கள்.

பெண்கள் பிரிவில் முதலிடம் எடுத்தவன் சொன்னால் கேட்க வேண்டும்.