பரோட்டா மாஸ்டரின் கைக்குப் பேர் வைத்த கதை

கை செய்கிற வேலைக்கெல்லாம் பேர் வைப்பதுதான் நான் பார்க்கிற உத்தியோகம். சிரிக்காதீர்கள், இதற்கும் விசா கொடுக்கிறார்கள். துபாயில் அல் கூஸ் என்ற இடத்தில் ஒரு வேர்ஹவுஸ். கீழே சமையல்கட்டு, மேலே ஏசி அறையில் கம்ப்யூட்டர்கள். கீழே ஒருவர் நெற்றியில் கேமராவைக் கட்டிக்கொண்டு சமைப்பார். அந்த வீடியோவை மேலே நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இந்த நொடியில் கை என்ன செய்கிறது என்று தமிழில் எழுதவேண்டும். அதை வைத்து ஒரு மிஷின் சமையல் கற்றுக்கொள்ளும். நம்மூர் ஹோட்டல்களுக்கு விற்கப்போகிற மிஷினாம், அதனால் தமிழ். டேட்டா என்ட்ரியில் முழி பிதுங்கிக் கிடக்கும் சக ஜீவன்களே, உங்கள் பாடு எவ்வளவோ தேவலை என்று தோன்ற வேண்டுமானால் மேலே படியுங்கள்.

நாலே வார்த்தை

எங்கள் மேனேஜர் ரோஹித் டெல்லிக்காரர், சென்னையில் சில வருஷம் இருந்து தமிழ் கற்றுக்கொண்டவர். முதல் நாளே பெரிய திரையில் நாலு வார்த்தை போட்டுக் காட்டினார். எடு, வை, தள்ளு, இழு. உலகத்தில் கை செய்கிற அத்தனையும் இந்த நாலுக்குள் அடங்கிவிடுமாம். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "சார், மாவு பிசையறதை எதுல போடறது?" என்று கேட்டுத் தொலைத்தேன். தள்ளு என்றார். கொத்தமல்லி கிள்ளுவது? இழு. பூண்டு நசுக்குவது? தள்ளு. எலுமிச்சம்பழம் பிழிவது? தன் இரண்டு கையையும் சேர்த்து அழுத்திப் பார்த்துவிட்டு, ரெண்டு பக்கமும் தள்ளு என்றார்.

எனக்கு வந்ததே கோபம். போர்டில் எழுத ஆரம்பித்தேன். கிள்ளு, பிய், திருகு, நசுக்கு, பிழி, வழி, உதறு, நீவு, தடவு, அலசு, சுரண்டு, உரி, உருவு. போர்டில் இடம் தீர்ந்ததும் சுவரைப் பார்த்தேன். மேனேஜர் ஓடிவந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். "அச்சா பாய், எழுதிக்கோங்க. கை என்ன செஞ்சாலும் எழுதணும், ஒண்ணைக்கூட விடக்கூடாது. ஆனா ஒண்ணு கேக்கறேன், உங்க ஊர்ல கைக்கு ரெஸ்ட்டே கிடையாதா?"

கைதட்டல்

கீழே சமைக்கிறவர் முத்துப்பாண்டி மாஸ்டர். உசிலம்பட்டிக்காரர். கராமாவில் ஒரு ஹோட்டலில் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தார். அதை இழுத்து மூடிவிட்டதால் எங்களிடம் வந்து சேர்ந்தார். அவர் பரோட்டா வீசுவதைப் பார்த்தால் வேலையை மறந்து பார்த்துக்கொண்டே இருப்போம். அப்புறம் எந்த இடத்தில் நிறுத்தினோம் என்று தேடி அலைவோம்.

பரோட்டா வெந்ததும் நாலைந்தை அடுக்கி, சுடச்சுட இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் பட்பட்டென்று அடித்தால்தான் இதழ் இதழாகப் பிரியும். நமக்குத் தெரியும், மேனேஜருக்கு எப்படித் தெரியும்? ஒரு நாள் நான் லீவு. அவரே உட்கார்ந்து அந்தக் காட்சிக்கு "கைதட்டல், சமையல்காரர் மகிழ்ச்சியாக இருக்கிறார்" என்று எழுதிவைத்துவிட்டார். மறுநாள் அதை மாஸ்டருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "தம்பி, எம் பரோட்டாவுக்கு நானே கை தட்டிக்கிற அளவுக்கு இன்னும் கெட்டுப்போகலப்பா."

புட்டுக்கு வந்த சோதனை

என் பக்கத்து சீட் சிவரூபி அக்கா, யாழ்ப்பாணம். அதட்டவே மாட்டார், ஆனால் அவர் "தம்பி" என்று இழுத்தாலே நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிடுவேன். ஒரு நாள் மாஸ்டருக்குக் காய்ச்சல். அக்காவே கேமராவைக் கட்டிக்கொண்டு புட்டு அவித்தார். மாவைக் குழைத்துப் போட்டு, பேணி என்று அவர் சொல்கிற தகர டப்பாவின் விளிம்பால் டக்டக்கென்று குத்திக் குத்தி உதிர்த்தார். நான் மேலே உட்கார்ந்து "கிளறுதல்" என்று அடித்துவிட்டேன்.

அக்கா கையைக்கூடக் கழுவாமல் மாடியேறி வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். "தம்பி, உது கொத்திறது. நீங்கள் கிளறுறது எண்டு எழுதிவிட, அந்த மிசின் புட்டை உப்புமாவாக்கிப்போடும். பிறகு நான் எந்த முகத்தோட யாழ்ப்பாணத்தில போய் இறங்கிறது?"

கேமராவை மறைக்கிற கை

மாஸ்டரிடம் ஒரு பழக்கம். காலையில் வேலையைத் தொடங்குமுன் மாவு மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அப்போது கை நெற்றிக் கேமராவுக்கு முன்னால் வரும், படம் இருட்டிவிடும். மேனேஜர் முதலில் யாரோ கேமராவை உடைக்கப் பார்க்கிறார்கள் என்று செக்யூரிட்டியைக் கூப்பிட்டார். விளக்கிச் சொன்ன பிறகு, தினம் ஒரு தடவைதானே, தொலையட்டும் என்று விட்டுவிட்டார். நாங்களும் "தொட்டுக் கண்ணில் ஒற்றுதல்" என்று ஒழுங்காக எழுதினோம். ஒண்ணைக்கூட விடக்கூடாது என்பது அவர் போட்ட உத்தரவுதானே.

ஒரு நாள் டீ குடிக்கும்போது மாஸ்டர், இந்த வேலை எவ்வளவு நாளைக்கு என்று கேட்டார். "மிஷின் கத்துக்கிட்டா கலாஸ், வேலை முடிஞ்சுது! நீங்க ஊருக்குப் போய் ஜாலியா இருக்கலாம்" என்று மேனேஜர் சந்தோஷமாகச் சொன்னார். மாஸ்டர் டீயை அப்படியே வைத்துவிட்டார். அவர் மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள். நாங்கள் சரியாகப் பேர் வைக்க வைக்க இந்த மனுஷன் சீக்கிரம் பெட்டி கட்டவேண்டும், என்ன பிழைப்பு இது!

அந்த வாரத்திலிருந்து அவருக்குப் பக்தி முற்றியது. ஒவ்வொரு பரோட்டாவுக்கும் முன்னால் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்ற ஆரம்பித்தார். கஷ்டம் வந்தால் யாருக்கும் சாமி ஞாபகம் வருவது சகஜம்தான். நானும் அக்காவும் மனசு கனக்க அத்தனையையும் எழுதினோம். அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "பாவம் தம்பி அந்த மனுசன், கடவுளைத் தவிர ஆரிட்டைப் போய்ச் சொல்லுவார்?"

விருந்தாளிகள் வந்த நாள்

பணம் போடுகிறவர்கள் மிஷினைப் பார்க்க வந்தார்கள். வெள்ளைக் கந்தூரா அங்கியில் ஒரு அரபுப் பெரியவர், கோட்டுப் போட்ட சிலர். மிஷினுக்கு இரண்டு கைகள், நடுவில் கழுத்துப் போல ஒரு கம்பி, அதன் உச்சியில் கண்ணாக ஒரு கேமரா. மேனேஜர் "யல்லா" என்று பட்டனைத் தட்டினார். மிஷின் எண்ணெய் வழிகிற மேடையைத் தொட்டது. கையை மெதுவாகத் தூக்கியது. தன் கேமராவில் பயபக்தியோடு ஒற்றிக்கொண்டது.

கண் முழுக்க எண்ணெய். அப்புறம் அதற்கு என்ன தெரியும்? மாவை எடுத்து அழகாக வீசியது, அது மேனேஜரின் ஷூவில் போய்ப் படிந்தது. மறுபடி மேடையைத் தொட்டது, மறுபடி ஒற்றியது, மறுபடி வீசியது. பட்டனை அணைப்பதற்குள் சுவரெல்லாம் பரோட்டா. மாஸ்டர் ஓரமாகக் கைகட்டி நின்றார். இவரை இன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். பெரியவர் கந்தூராவில் ஒட்டிய மாவைத் தட்டிவிட்டு மேனேஜரிடம் கேட்டார். "கும்பிடறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சமையல் எப்ப கத்துக்கும்?"

தொடாதே

எல்லா வீடியோவையும் முதலிலிருந்து எடுக்கவேண்டும் என்று முடிவாயிற்று. இந்தத் தடவை கும்பிடக் கூடாது. மேனேஜரே பக்கத்தில் நின்று "மாஸ்டர், நோ டச்! நோ டச்!" என்று கத்தினார். மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு பரோட்டா போடுவார். மூன்றாவதில் கை தானாக மேடைக்குப் போய்விடும். "ஐயோ சார், சாரி சார், பழக்கம் சார்" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார். கேமரா இன்னும் நன்றாக மறையும்.

போன வாரம் மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டு, வேலை முடியவில்லை, மாஸ்டர் விசாவைப் புதுப்பித்துவிடுங்கள் என்று ஆபீசுக்குச் சொல்லிவிட்டார். நானும் அக்காவும் கீழே ஓடினோம். உங்கள் சாமி கைவிடவில்லை மாஸ்டர் என்றேன். அவர் கேமராவைக் கழற்றி, அணைந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, காதோரம் வந்தார். "எந்தச் சாமி தம்பி? நான் கோயில் பக்கம் போயி எம்புட்டு வருசமாச்சு!"

ஆகவே சக ஜீவன்களே, உங்கள் வேலையைக் கற்றுக்கொள்ள ஒரு மிஷின் வந்து நிற்கிறது என்று கேள்விப்பட்டால் பதறாதீர்கள், பக்தியைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.