வலப்பக்கமே அடித்தான்

எங்கள் குழுவின் சிறந்த பந்தாட்டக்காரன் பக்கத்து ஊரான கிள்ளானின் குழுவுக்குப் போய்விட்டான் என்ற செய்தி வந்த அன்று, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயன் வீடுகளில் பாதிப் பேருக்குச் சோறு இறங்கவில்லை. மீதிப் பேர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு அவனைத் திட்டினார்கள். நான் இரண்டாவது ரகம். அவன் தம்பிக்கு வேலை போய்விட்டதும், கிள்ளானில் இருவருக்கும் வேலை தருவதாகக் கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் திட்டினேன். எனக்கு என் பயம்.

நான் கோல் காப்பவன். ரப்பர் விலை விழுந்து, ரயில்வேயிலும் ஆட்குறைப்பு என்று சொல்லி, கடல் கடந்து பிழைக்க வந்த எங்களைப் போன்ற ஆட்களைக் கப்பலேற்றிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் துரைக்குப் பந்தாட்டப் பைத்தியம். குழுவில் நன்றாக ஆடுகிறவன் மேல் மட்டும் கை வைக்க மாட்டார். எனக்கோ, எஞ்சின் கொட்டகையில் வழுக்கி விழுந்ததில் இடது முட்டி கெட்டுப்போயிருந்தது. இடப்பக்கம் பாய முடியாது. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆபத்து என்றால் முன்வரிசையிலிருந்து ஓடிவந்து என் இடப்பக்கத்தில் நின்றுகொள்வான். யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

அப்படிப்பட்டவன் சில மாதங்களிலேயே எதிரணியில் வந்து நின்றான். எங்கள் ஆட்கள் ரயில் பாதையோரத் திடலைச் சுற்றி நின்று “துரோகி” என்று கூவினார்கள். அவனோ ஆட்டத்துக்கு முன் எங்கள் பக்கம் வந்து ஒவ்வொருவரையும் கும்பிட்டு, “நல்லா இருக்கீங்களாண்ணே?” என்று கேட்டான். எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும்தான்.

ஆட்டம் தொடங்கியதும் பந்து அவன் காலுக்குப் போனது. என் இடப்பக்கம் திறந்து கிடந்தது. இன்றோடு துரைக்குத் தெரிந்துவிடும், அடுத்த கப்பல் எனக்குத்தான் என்று நினைத்தேன்.

அவன் வலப்பக்கம் அடித்தான். பிடித்துவிட்டேன். மறுபடியும் வலப்பக்கம். அதற்கப்புறமும் அங்கேயே. என் வலப்பக்கம் சுலபத்தில் யாருக்கும் மசியாது. அது அவனுக்குத் தெரியாதா? தெரிந்தே அடித்தான், கொஞ்சமும் வேகம் குறைக்காமல். கடைசியில் இரண்டு பந்துகள் என் விரல்களைத் தட்டிக்கொண்டு உள்ளே போயின. கிள்ளான் ஜெயித்தது. துரை என் தோளைத் தட்டி, அந்த அடியை யாராலும் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

கிள்ளான் ஆட்கள் அவனைத் தோளில் தூக்கினார்கள். வெட்கப்பட்டு இறங்கி, நேராக என்னிடம் வந்தான்.

“ஏன்டா இடப்பக்கம் அடிக்கல? சுலபமா ஜெயிச்சிருப்பியே,” என்றேன். அவனோடு நான் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

“முட்டி சமாச்சாரம் உங்க ஆளா இருந்தப்பத் தெரிஞ்சதுண்ணே. அத எப்படிக் கிள்ளானுக்குக் கொண்டு போறது? ஆனா இப்ப நான் அவங்க ஆளு. அதனால அடிச்சத நல்லாவே அடிச்சேன். கோவமா?”

கோபமா? அத்தனை பேர் பார்க்க, அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.