ஒரு குடத்துப் பாடம்

தாவீதை நான் முதலில் பார்த்தது மண்ணூர் பக்கத்து உதிரிபாகக் கம்பெனியின் கேட்டில். அன்று எனக்கு வேலையில் முதல் நாள். ஸ்டோர்ஸ் கிளார்க். எங்கள் வம்சத்திலேயே முதல் பி.காம். என்பதால் பத்து நிமிடம் முன்னதாகவே போய் நின்றேன். உள்ளே போனது இருபது நிமிடம் தாமதமாக. வாட்ச்மேன் தாவீது என் பையைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார்: 'குடை ஒன்று, கறுப்பு. ஒரு கம்பி வளைந்தது. டிபன் பாக்ஸ். எலுமிச்சை சாதம். மோர் மிளகாய் இரண்டு.' எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவருடைய பரம்பரையையே வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

"எதையும் உடக் கூடாது சார்," என்றார் அவர்.

அந்தக் குணம்தான் அவரைக் கேட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தது. ஸ்டோர்ஸில் உதவியாளர் இடம் ஒன்று காலி. பத்தாவது பாஸ் செய்தால் தாவீதுக்கே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். மற்ற பாடமெல்லாம் முடித்தவர், சமூக அறிவியலில் மட்டும் மூன்று முறை ஃபெயில். படிக்காமல் அல்ல. பிரெஞ்சுப் புரட்சிக்குக் காரணம் கேட்டால் பதினொரு பக்கம் எழுதுவார். அடுத்த கேள்விக்குப் போவதற்குள் மணி அடித்துவிடும். இந்த அக்டோபர் தேர்வுதான் கடைசி வாய்ப்பு. அதற்கு மேல் அந்த இடம் காத்திருக்காது.

பட்டதாரி என்ற முறையில் நான் களத்தில் இறங்கினேன். "அண்ணே, முக்கியமானதை மட்டும் சுருக்கி நோட்ஸ் எடுங்க," என்றேன். ஒரே வாரத்தில் எடுத்து வந்தார். பன்னிரண்டு பக்கப் பாடத்துக்கு முப்பத்தொரு பக்கச் சுருக்கம்.

"எல்லாமே முக்கியமா கீது சார். கல்யாணப் பத்திரிகையில ஒரு மாமன் பேர உட்டாலே சண்டைக்கு வரான். இவனுங்க எல்லாம் ராஜாங்க!"

அவர் சத்தம் போட்டுத்தான் படிப்பார். ஐந்தாவது வரை படித்த அவர் மனைவி லூர்தம்மாள் அரிசியில் கல் பொறுக்கியபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதே தெருவில் எனக்கும் ஒரு வாடகை அறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அடிபம்புக்குத் தண்ணீர் பிடிக்கப் போனேன். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாள் பம்பை அடிக்க, லூர்தம்மாள் குடத்தைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த ராஜாக்கு கஜானா காலி. பொண்டாட்டிக்கு மட்டும் செலவு கொறையில. வரி போட்டான். பெரிய மனுசன தொடல, இல்லாதவன் கழுத்த புடிச்சான். அந்த நேரம் பாத்து வெள்ளாமையும் பூட்ச்சி. ஜனம் பட்டினி. எழுந்து போயி கோட்டைய ஒடச்சிட்ச்சி."

"அடப்பாவி! எந்த ஊரு ராஜாடி?"

"பிரான்சு."

குடம் நிரம்பியது. பிரெஞ்சுப் புரட்சியும் முடிந்தது. என் குடத்தை அங்கேயே போட்டுவிட்டுத் தாவீதிடம் ஓடினேன்.

ஆனால் அதேபோலத் தாவீதுக்கும் சொல்லிக்கொடுக்கும்படி நேரில் கேட்டபோது லூர்தம்மாள் மசியவில்லை. "போ தம்பி. பாடம் சொல்ல நான் இன்னா டீச்சரா? பம்பாண்ட நின்னா வாய் தானா பேசுது."

ஆகவே மறுநாள் பம்புக்குப் பக்கத்தில் அவிழ்த்து விட்டிருந்த மாட்டுவண்டிக்குப் பின்னால் தாவீது நோட்டோடு உட்கார்ந்தார். துணைக்கு நான். பாதியிலேயே பாப்பம்மாள் பார்த்துவிட்டார்.

"லூர்து, இங்க வந்து பாருடி! உன் புருசன் பொம்பளைங்க பேச்ச எழுதிகினு கீறான். இன்னா தாவீது, போலீசுல குடுக்கப் போறியா?"

லூர்தம்மாள் நோட்டைப் பிடுங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். முதல் உலகப் போருக்கான காரணங்களுக்கு நடுவே, 'பாப்பம்மாளுக்கு இடுப்பு வலி, இரண்டு நாளாக' என்றிருந்தது.

"யோவ், பாப்பம்மா இடுப்புக்கு எத்தினி மார்க்குயா?"

வரிசையே சிரித்தது. "நடுவுல சொன்னாங்களே, எப்டி உடறது?" என்றார் தாவீது.

லூர்தம்மாள் காலிக் குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தார். "இந்தா. இது ரொம்பறதுக்குள்ள சொல்லி முடிக்கணும். பின்னால நிக்கிறவ சும்மா இருப்பாளா? சண்ட யாருக்கும் யாருக்கும், இன்னாத்துக்கு, கடைசில இன்னா ஆச்சி. அவ்ளோதான். சொல்லு!"

தாவீது ஆரம்பித்தார். முதல் குடம் நிரம்பியபோது ஆஸ்திரிய இளவரசர் இன்னும் காரிலேயே ஏறவில்லை. இரண்டாவது குடத்தில் சுட்டார்கள். போர் முடிந்தபோது பாப்பம்மாள் வீட்டில் நிரப்புவதற்கு அண்டா, குண்டான் எதுவும் மிச்சமில்லை.

"இன்னும் ஒரு யுத்தம் கீதாமே," என்றார் பாப்பம்மாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "அதுக்கு வேற ஆளப் பாருங்கடி."

ஆனாலும் அவரேதான் வந்து பம்பு அடித்தார். மூன்று வாரத்தில் ஐந்து குடம் மூன்றாகி, மூன்று ஒன்றானது. முப்பத்தொரு பக்க நோட்ஸ் அரைப் பக்கத்துக்கு வந்தது. அந்த அரைப் பக்கத்தை எழுதும்போதெல்லாம் தாவீது, விட்டுப்போன ராஜாக்களை நினைத்துப் பெருமூச்சு விடுவார்.

தேர்வன்று ஸ்ரீபெரும்புதூரில் பள்ளி வாசலில் நானும் லூர்தம்மாளும் காத்திருந்தோம். வெளியே வந்தவர் முகம் வெளுத்திருந்தது.

"எல்லா கேள்வியும் எழுதிட்டேன் சார். அதுக்கு மேல அரை மணி நேரம் சும்மா குந்திகினு இருந்தேன். எதையோ உட்டுட்டேன் போல கீது."

"உட்டதாலதான்யா முடிச்ச," என்றார் லூர்தம்மாள்.

நாற்பத்தாறு மதிப்பெண். தாவீது இந்த டிசம்பரிலிருந்து ஸ்டோர்ஸில் எனக்கு அடுத்த மேசையில் உட்காருகிறார். இருவரும் மண்ணூரில் அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். லூர்தம்மாள் எட்டாவது தனித்தேர்வுக்கு விண்ணப்பம் வாங்கி வந்து வைத்திருக்கிறார், இன்னும் நிரப்பவில்லை.