கிட்னிக்கு எதுக்கு விரதம்

ஸ்வர்ணலதாவின் குரல் பஸ்ஸின் கடைசி சீட்டு வரை போகும். சித்தூர்–திருப்பதி வழித்தடத்தில் கண்டக்டர் வேலை பார்ப்பவளுக்கு அது இல்லாமல் முடியாது. டிக்கெட் எடுக்காதவர்களைப் பிடிக்க அவள் தலைகளை எண்ணுவதில்லை, முகத்தைப் பார்ப்பாள். எடுக்காதவர்கள் ஜன்னலுக்கு வெளியே ஏதோ அதிசயம் நடப்பது போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அன்று திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்த அவள் தம்பி தணிகைவேல், சுவரில் சுற்றிய மின்விசிறியை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவன். சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து டயாலிசிஸில் கிடந்தவனுக்கு, போன வருஷம் ஸ்வர்ணலதாதான் தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தாள். "உனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க, யோசிச்சுக்கோ" என்று புகுந்த வீட்டில் எச்சரித்தார்கள். "கிட்னியும் ரெண்டு இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போய் ஆபரேஷனுக்குப் படுத்தாள்.

வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டர் ஸ்ரீஹரி எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். உள்ளே வைத்தது வேற்று உறுப்பு என்று உடம்புக்குத் தெரியும். எப்போதும் அதை எதிர்த்துக்கொண்டே இருக்கும். அந்த எதிர்ப்பை அடக்கி வைப்பது இந்த மாத்திரைதான். காலையும் இரவும், ஒரே நேரத்தில், ஆயுள் முழுவதும். தம்பியும் அவன் மனைவி மஞ்சுவும் தலையாட்டியதை ஸ்வர்ணலதா கண்ணால் பார்த்தாள்.

இப்போது, சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தத்தில் கூடுகிற கிரியாட்டினின் ஏறியிருந்தது.

"இரத்தத்துல மருந்தோட அளவு ஒரு தடவை எகிறுது, ஒரு தடவை படுத்துடுது. ஏன்னு புரியலை" என்றார் டாக்டர். "மாத்திரை விடாம போடறியா தணிகைவேல்?"

"போடறேன் சார்" என்றான் அவன், மின்விசிறியைப் பார்த்து.

"அப்படின்னா டோஸை மாத்தித்தான் பார்க்கணும்."

"கொஞ்சம் நில்லுங்க சார்" என்றாள் ஸ்வர்ணலதா. "இவன் டிக்கெட் எடுக்கல."

டாக்டருக்குப் புரியவில்லை. அவள் மஞ்சுவின் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. மாத்திரை போடறானா, இல்லையா?"

மஞ்சு புடவைத் தலைப்பைத் திருகினாள். "தெனமும் போடறாரு அண்ணி. செவ்வாக்கெழமை மட்டும்தான்..."

"செவ்வாக்கெழமை மட்டும்?"

"விரதம். சஷ்டி, கிருத்திகைக்கும் உண்டு. வெளக்கு வைக்கிற வரைக்கும் பல்லுல பச்சத்தண்ணி படக்கூடாதுன்னு இருக்காரு. ஆனா காலையில வுட்டத ராத்திரி சேத்துப் போட்டுக்கினுதான் இருக்காரு. ரெண்டு வேளையும் ஒண்ணா."

டாக்டர் பேனாவை மேஜைமேல் வைத்தார். ஒரு வேளை தவறினால் எங்களுக்குப் போன் செய்து கேட்க வேண்டும், நீயாகச் சேர்த்துப் போடக் கூடாது என்றார். சேர்த்துப் போட்டால் மருந்தே சிறுநீரகத்துக்கு விஷமாகும். விட்டுவிட்டால் உடம்பே சிறுநீரகத்தைத் தின்னும். நீ வாரா வாரம் இரண்டையும் செய்திருக்கிறாய்.

"யாருடா சொன்னது, விரதத்துல மாத்திரை போடக்கூடாதுன்னு?" என்றாள் ஸ்வர்ணலதா.

"நம்ம தாமோதரண்ணன்தான்க்கா. தறி ஓனரு. 'தண்ணி ஊத்தித்தானே முழுங்குற, அப்ப விரதம் போச்சு'ன்னாரு."

அவள் போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். வரிசையில் இருந்த பாதிப் பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தாமோதரண்ணா, விரதத்துக்குச் சட்டம் சொன்னியாமே? நல்லது. உன் கிட்னி ஒண்ணை எடுத்துக் குடு. அப்புறம் உக்காந்து சட்டம் பேசு." பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

தணிகைவேல் அழுதுகொண்டிருந்தான். "உனக்காகத்தான்க்கா விரதம் எடுத்தேன். ஒத்தக் கிட்னியோட பஸ்ஸுல ஆடிக்கினு போறியே, உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னு முருகன்கிட்ட வேண்டிக்கினேன்."

வேறொரு நாளாக இருந்தால் அவளும் அழுதிருப்பாள். அன்று கோபம் இன்னும் ஏறியது. அவளுக்காகப் பட்டினி கிடந்து, அவள் கொடுத்ததையே கொன்றுகொண்டிருக்கிறான்.

"நீ விரதம் இருந்துக்கோடா, யாரு வேணாம்னா. என் கிட்னிக்கு எதுக்கு விரதம்? அது என் வயித்துல இருந்தப்போ ஒரு வேளை பட்டினி கிடந்ததில்ல. கிச்சிலிச் சம்பா சோறு துன்னு வளர்ந்தது."

டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிக்காமல், பயாப்சி எடுக்க வேண்டும் என்றார்.

முடிவு நல்லதாக வரவில்லை. உடம்பு எதிர்க்கத் தொடங்கியிருந்தது. தணிகைவேலைப் படுக்க வைத்து ஊசி மருந்து ஏற்றினார்கள். கிரியாட்டினின் இறங்கியது, ஆனால் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. "போனது போனதுதான். இருக்கிறதைக் காப்பாத்துங்க" என்றார் டாக்டர். போனது யாருடையது என்று ஸ்வர்ணலதாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்பும்போது தம்பி மெதுவாகக் கேட்டான். "முருகன் கோச்சிக்க மாட்டாராக்கா?"

"கோச்சிக்கினா என் வண்டியில ஏறி வந்து என்கிட்ட கேக்கச் சொல்லு. ஆம்பளதானே, முழு டிக்கெட் கிழிச்சிக் குடுக்கறேன்."

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, புத்தலப்பட்டில் வண்டி நின்றதும் அவள் இறங்கி ஓரமாக நின்று வீடியோ கால் போட்டாள். நகரி வீட்டின் சாமி படத்துக்கு முன்னால் தணிகைவேல், நெற்றி நிறைய விபூதி, கையில் தம்ளர்.

"போடு."

போட்டான்.

"தண்ணி குடி. வாயைத் திற. நாக்கைத் தூக்கு."

தூக்கினான். பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவர் படிக்கட்டில் நின்றபடி எட்டிப் பார்த்தார். "யாருக்கும்மா இந்தக் காவல்? புருஷனுக்கா?"

"என் கிட்னிக்கு" என்று சொல்லிவிட்டு ஏறி விசிலடித்தாள். "நீ டிக்கெட் எடுத்தியா?"

வியாபாரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.